மூத்தவனுக்கும் உண்டு பங்கு

"நீதானே பெரியவன், விட்டுக்கொடு" என்ற வாக்கியத்தை எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறேன். இதற்காக உறவில் எனக்குக் கிடைத்த பட்டங்கள் கொஞ்சமல்ல. பிடிவாதக்காரி, புத்தகத்தைப் பார்த்துப் பிள்ளை வளர்க்கிறவள், சின்னவன் மேல் பாசமில்லாதவள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன், விதியை மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்பதைக் காரணங்களோடு எழுதுவது துறுதுறுப்பான இரண்டு பையன்களை வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் உதவும். உங்கள் வீடும் எங்கள் வீடு மாதிரியேதான் இருக்கும். இரண்டு படுக்கையறை ஃபிளாட், ஹாலில் ஒரு டிவி, பால்கனியில் ஒரு சைக்கிள், மூன்று வயது வித்தியாசத்தில் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பேர், வேலைக்குப் போகிற அப்பா அம்மா, லீவுக்கு வந்து தங்குகிற தாத்தா பாட்டி. காலையில் எழுப்புவது, குளிப்பாட்டுவது, டிபன் கட்டுவது, காணாமல்போன ஒற்றை சாக்ஸைத் தேடுவது, ஹோம்வொர்க், முடிவெட்டு, நகம் வெட்டு இதெல்லாம் எல்லா வீட்டிலும் எப்படியோ நடந்துவிடுகிறது. அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பையன்களை வளர்ப்பதில் அதிக விலை கேட்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ரிமோட்டுக்காக இருவரும் இழுத்துக்கொள்கிறார்கள். யார் முதலில் எடுத்தது, யாருடைய நிகழ்ச்சி பாதியில் இருக்கிறது, நேற்று யார் பார்த்தது என்று விசாரிக்க நிறைய இருக்கிறது. பெரியவர்களுக்கு அதற்குப் பொறுமை இல்லை, சத்தம் நின்றால் போதும். சத்தத்தை உடனே நிறுத்த, சொன்னால் கேட்கிறவனிடம் சொல்ல வேண்டும். அவன் மூத்தவன். ஆக, தீர்ப்பு வழக்கைப் பார்த்து வருவதில்லை, யார் அடங்குவான் என்று பார்த்து வருகிறது. சொல்பேச்சு கேட்கிற குணத்துக்கே அவன் அபராதம் கட்டுகிறான். தன் பக்கம் நியாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றுதான் என்று தெரிந்துவிட்ட பிறகு நியாயமாக நடந்துகொள்ள அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது? அம்மா சமையலறையில் இருக்கும்போது, கதவுக்குப் பின்னால், ஒரு கிள்ளலிலோ ஒரு தள்ளலிலோ பாக்கியை வசூலித்துக்கொள்வான். சின்னவன் கற்றுக்கொள்வது இதைவிடக் கெடுதல். உரக்க அழுதால் பொருள் கைக்கு வரும் என்று ஆறு வயதில் தெரிந்துகொண்டவன் பத்து வயதில் அதைத் தானாக மறந்துவிட மாட்டான். கேட்டுப் பார்ப்பது, காத்திருப்பது, பதிலுக்கு ஒன்றைக் கொடுத்து வாங்குவது என்கிற மூன்றும் அவனுக்குப் பழகாமலே போகின்றன. எனக்குப் பாசமில்லை என்று சொன்னவர்கள் பாசத்தின் பெயரால் அவனிடமிருந்து பிடுங்கியது இந்த மூன்றையும்தான்.

"காலம்காலமாக இப்படித்தான் வளர்த்தோம், யார் கெட்டுப்போனார்கள்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, பதிலும் இருக்கிறது. அந்த விதி ஐந்து, ஆறு பிள்ளைகள் இருந்த வீட்டில் பிறந்தது. அங்கே மூன்றாவது பிள்ளை இரண்டு பேருக்குத் தம்பி, மூன்று பேருக்கு அண்ணன். காலையில் தன் அக்காவிடமிருந்து விட்டுக்கொடுத்தலை வாங்கிக்கொண்டவன் மாலையில் தன் தங்கைக்குக் கொடுத்தான். கொடுப்பதும் பெறுவதும் ஒரே ஆளுக்குள் நடந்ததால் விதி யாரையும் ஒரேயடியாக நசுக்கவில்லை. இன்றைக்கு நிலைமை வேறு. 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். இரண்டே பேர் உள்ள வீட்டில் ஒருவன் எப்போதும் அண்ணன், இன்னொருவன் எப்போதும் தம்பி. ஒருவனுக்கு ஆயுள்காலக் கடமை, மற்றவனுக்கு ஆயுள்காலச் சலுகை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து மூத்தவனுக்குக் கடமையோடு அதிகாரமும் இருந்தது. தம்பியைக் கடைக்கு அனுப்பலாம், அதட்டலாம், எந்த விளையாட்டு என்று முடிவு செய்யலாம், சமயத்தில் ஓர் அடியும் வைக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அந்த அதிகாரத்தை நாம் எடுத்துவிட்டோம், எடுத்தது சரிதான். ஆனால் அதிகாரத்தை எடுத்தவர்கள் கடமையை மட்டும் அப்படியே அவன் தலையில் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அண்ணன்களின் தியாகத்தை நம் சினிமா கொண்டாடியது போல வேறு எதையும் கொண்டாடியிருக்காது. 'ஆறிலிருந்து அறுபது வரை' (1979) படத்தில் சிறுவயதிலேயே குடும்பப் பாரத்தைத் தூக்கும் ரஜினிகாந்த் தன் உடன்பிறந்தவர்களுக்காகவே தேய்கிறார். 'வானத்தைப் போல' (2000) படத்தில் விஜயகாந்த் தம்பிகளுக்காகத் தன் வாழ்க்கையை ஒதுக்கிவைக்கிறார். இந்தப் படங்களைக் காட்டி என்னிடம் வாதாடுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அந்த அண்ணன்கள் தாங்களே தேர்ந்துகொண்டவர்கள், அப்பா இல்லாத வீட்டின் தேவை அவர்களை அழைத்தது. ஒன்பது வயதுப் பையன் தன் கையில் இருக்கிற பொருளை அம்மாவின் உத்தரவுக்காக நீட்டுவதில் தியாகம் எங்கே இருக்கிறது? பறிமுதல்தான் இருக்கிறது. தியாகம் பெரிய குணம் என்று நானும் நம்புகிறேன், அதனால்தான் அதைக் கட்டாயப் பாடமாக்கிக் கெடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த 1979 படத்தையே கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், வாங்கிப் பழகிய உடன்பிறப்புகள் கடைசியில் அண்ணனை என்ன செய்தார்கள் என்பதும் அதில்தான் இருக்கிறது.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது. மூத்தவனுக்குப் புத்தி அதிகம், உடல் பலம் அதிகம், அதனால் அவனிடம் கூடுதலாக எதிர்பார்ப்பதில் என்ன தவறு? எதிர்பார்க்கலாம், ஆனால் வேலையில். தண்ணீர் பாட்டில் நிரப்புவது, கீழே போய்த் தயிர் வாங்கி வருவது, துணி மடிப்பது என்று வயதுக்கு ஏற்றபடி அவனுக்கு அதிக வேலை கொடுக்கலாம், அதற்கு ஈடாக அரை மணி நேரம் தாமதமாகப் படுக்கவும் விடலாம். உரிமையில் வயதைக் கொண்டுவரக் கூடாது. பாதி மாம்பழம் ஆறு வயதுக்கும் பாதிதான், ஒன்பது வயதுக்கும் பாதிதான். சின்னது கைக்குழந்தையாக இருக்கும் காலம் மட்டும் வேறு. அப்போதும் உத்தரவைவிட விளக்கம் வேலை செய்யும். கேம்பிரிட்ஜில் ஜூடி டன்னும் கேரல் கென்ட்ரிக்கும் 40 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். புதிதாகப் பிறந்த குழந்தைக்கு இப்போது பசிக்கிறது, அதற்கு இது பிடிக்கவில்லை என்று அதையும் ஓர் ஆளாக மதித்து மூத்த பிள்ளையிடம் பேசிய தாய்மார்களின் வீடுகளில் பின்னாளில் இரண்டு பிள்ளைகளும் கூடுதல் நட்போடு இருந்ததைக் கண்டார்கள். மூத்த பிள்ளையைக் கலந்து பேசுகிற ஆளாக நடத்தியதன் பலன் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

"மூத்தவன் என்றாலே பொறுப்பு, இளையவன் என்றாலே வால்" என்று ஜாதகம் போல ஒப்பிக்கிறவர்களுக்கும் ஒரு பதில் வேண்டும். தம்பி பிறந்ததும் முதல் பிள்ளை அரியணையிலிருந்து இறக்கப்பட்டவனாகிறான் என்று எழுதி, பிறப்பு வரிசைக்கு உளவியலில் இடம் பிடித்துக் கொடுத்தவர் வியன்னாவின் ஆல்ஃபிரட் ஆட்லர். அவரே ஓர் அண்ணனுக்குத் தம்பி. அவருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் இந்த எண்ணம் உலகெங்கும் பரவியது. 2015இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாடுகளிலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை வைத்துப் பார்த்தபோது, பொறுப்புணர்வு, இணங்கிப்போகும் தன்மை, கலகலப்பு ஆகிய எதையும் பிறப்பு வரிசை தீர்மானிப்பதாகத் தெரியவில்லை. அறிவுத்திறன் சோதனையில் மட்டும் முதல் பிள்ளைகளுக்கு மிகச் சிறிய முன்னிலை இருந்தது. அப்படியானால் நம் கண்ணுக்கு மூத்தவன் பொறுப்பானவனாகத் தெரிவது ஏன்? ஒன்பது வயதையும் ஆறு வயதையும் ஒரே நாளில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதால்தான். சின்னவனுக்கு ஒன்பது வயது வரும்போது அவனும் அந்த அளவுக்குப் பொறுப்பாக இருப்பான், ஆனால் அப்போது ஒப்பிடப் பன்னிரண்டு வயது அண்ணன் நிற்பான். இந்தப் பந்தயத்தில் தம்பி எந்தக் காலத்திலும் ஜெயிக்க முடியாது. அண்ணனோ எந்தக் காலத்திலும் குழந்தையாக இருக்க முடியாது.

இனி மல்லுக்கட்டு. கட்டிலில் தலையணையோடு தொடங்கித் தரையில் வந்து முடிகிற அந்தப் புரளலைப் பார்த்தாலே பெரியவர்கள் பாய்ந்து வந்து பிரித்துவிடுகிறார்கள், பிரித்த கையோடு மூத்தவனைத் திட்டுகிறார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். மூத்தவன் தன் முழுப் பலத்தையும் காட்டுவதில்லை. வேண்டுமென்றே மல்லாந்து விழுவான், சின்னவனை மார்பு மேல் உட்கார விடுவான், கையை இறுக்கியவன், சின்னவன் "ஆ" என்று கத்தியதும் தளர்த்துவான். யாரும் சொல்லாமல், தன் இஷ்டத்துக்கு, நிமிஷத்துக்கு ஒரு முறை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறான். விளையாட்டு நீடிக்க வேண்டுமென்றால் பலசாலி அடிக்கடி தோற்றாக வேண்டும். எலிக்குஞ்சுகளின் விளையாட்டை ஆராய்ந்த யாக் பாங்க்செப், பெரிய எலி எப்போதும் தானே ஜெயித்துக்கொண்டிருந்தால் சின்னது விளையாடக் கூப்பிடுவதையே குறைத்துக்கொள்ளும் என்று எழுதினார். பையன்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. விட்டுக்கொடுத்தல் இயல்பாக முளைக்கிற இடம் இந்த மல்லுக்கட்டுதான். அதைத் தடுத்துவிட்டு, அதே குணத்தை அதட்டி வரவழைக்கப் பார்ப்பது எனக்கு விளங்காத காரியம். இதில் பெரியவர்களின் கண் எவ்வளவு தவறும் என்பதற்கும் சான்று உண்டு. பிரிட்டனில் பீட்டர் ஸ்மித்தும் அவரது சக ஆய்வாளர்களும் பள்ளி மைதானங்களைக் கவனித்தபோது, விளையாட்டுச் சண்டை நிஜச் சண்டையாக மாறியது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. ஆசிரியர்களோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படி மாறுவதாக நினைத்திருந்தார்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சிரித்த முகம், மாறி மாறி மேலும் கீழுமாக வருவது, முடிந்த பிறகும் பிரிந்து போகாமல் பக்கத்திலேயே கிடப்பது என்றால் விளையாட்டு. இறுகிய உதடு, ஒருவனே எப்போதும் கீழே, முடிந்ததும் ஆளுக்கொரு அறை என்றால் சண்டை.

கீழ் வீட்டுக்காரர்களுக்குச் சத்தம் தொந்தரவுதான், அதை மறுக்கவில்லை. மெத்தையைத் தரையில் போட்டுக்கொள்வது, இரவு எட்டரைக்கு மேல் குதிப்பதில்லை என்று வைத்துக்கொள்வது ஆகிய இரண்டையும் நாம் செய்தாக வேண்டும். ஆனால் ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும்படியான உடல் அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பார்க்கிங்கில் பந்து கூடாது, மொட்டை மாடிக்குப் பூட்டு, வராந்தாவில் சைக்கிள் கூடாது என்று பலகை எழுதி மாட்டுகிற குடியிருப்புச் சங்கங்கள் அந்த 60 நிமிடம் எங்கே போய் நடக்க வேண்டும் என்பதையும் அதே பலகையில் எழுதட்டும். பையன்கள் கெட்டவர்கள் என்று கூட்டத்தில் பேசுவது சுலபம், ஓர் இடம் ஒதுக்குவதுதான் கஷ்டம்.

"சரி, மூத்தவனை விட்டுக்கொடுக்கச் சொல்லக் கூடாது என்றால் சண்டை வரும்போது என்னதான் செய்வது? அப்படியே விட்டால் பலசாலி வைத்ததுதான் சட்டமாகிவிடாதா?" ஆகிவிடும். அதனால் நான் விட்டுவிடச் சொல்லவில்லை. நீதிபதி நாற்காலியிலிருந்து இறங்கி நடுவில் உட்காரச் சொல்கிறேன். நீதிபதி கேட்கிற முதல் கேள்வி "யார் முதலில் ஆரம்பித்தது?" அதற்கு எந்த வீட்டிலும் உண்மையான பதில் கிடையாது. ஒருவன் பேனாவை எடுத்ததிலிருந்து கதையைத் தொடங்குவான், இன்னொருவன் நேற்றைய பென்சிலிலிருந்து தொடங்குவான். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஹில்டி ராஸ் குழுவினர் பெற்றோருக்குப் பழக்கிய முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில் இருந்த பிள்ளைகள் ஐந்திலிருந்து பத்து வயதுக்காரர்கள், நம் பையன்களின் வயது. முதலில், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, கை நீளக் கூடாது என்று சொல்லிவிட வேண்டும். பிறகு எதைப் பற்றிச் சண்டை என்று இருவரும் சொல்ல வேண்டும். அடுத்து, ஏன் அது வேண்டும் என்று ஒருவன் சொன்னதை மற்றவன் புரிந்துகொண்டானா என்று பார்க்க வேண்டும். கடைசியில் வழி என்ன என்று அவர்களே யோசிக்க வேண்டும், முடிவும் அவர்களுடையது. இப்படிப் பழகிய வீடுகளில் பிள்ளைகள் அதிகமாகச் சமரசத்துக்கு வந்தார்கள், எதிராளியின் மனசையும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். இந்த நான்கு படிகளிலும் உயிர்நாடி மூன்றாவதுதான். "அவனுக்கு ஏன் அது வேணும்னு சொன்னான்?" என்று மூத்தவனைக் கேளுங்கள், அப்புறம் சின்னவனையும் கேளுங்கள். இருவரிடமும் கேட்பதுதான் முக்கியம். மூத்தவனிடம் மட்டும் கேட்டால் பழைய விதி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடும்.

நேரமில்லை என்பார்கள். எனக்கும் ஆபீஸ் இருக்கிறது, எனக்கும் அடுப்பில் குக்கர் இருக்கிறது. பழக்கமாகும் வரை இது நேரம் தின்னும், உண்மை. ஆனால் விட்டுக்கொடுக்க வைக்கிற முறையில் ஒரே ரிமோட் சண்டையை வருஷக்கணக்கில் தினமும் புதிதாக நடத்த வேண்டியிருக்கிறதே, அந்த நேரத்தை யார் கணக்கில் எடுப்பது? எல்லைக்கோடு ஒன்று வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அடி, கடி, கழுத்தைப் பிடிப்பது, பொருளை வேண்டுமென்றே உடைப்பது, "நீ இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை" என்கிற மாதிரித் துன்புறுத்தும் பேச்சு இவையெல்லாம் வந்தால் பேச்சுவார்த்தை கிடையாது, உடனே நிறுத்திவிட வேண்டும். அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 3,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், உடன்பிறந்தவரிடம் அடியும் வசையும் வாங்குகிற பிள்ளைகளுக்கு மன உளைச்சல் கூடுதலாக இருந்தது. பள்ளியில் மற்றவர்களிடம் கொடுமைப்படுவதோடு ஒப்பிடத்தக்க அளவில் அது இருந்தது. அண்ணன் தம்பிக்குள் இதெல்லாம் சகஜம் என்று நூற்றுக்கு நூறையும் தள்ளிவிடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒருவனே எப்போதும் அடிக்கிறவன், மற்றவனே எப்போதும் அஞ்சுகிறவன் என்றால் அது சண்டை இல்லை, அங்கே பெரியவர்கள் குறுக்கே நிற்க வேண்டும். அஞ்சுகிறவன் சில வீடுகளில் அண்ணனாகவும் இருப்பான். அம்மாவிடம் சொன்னால் "பெரிய பையன் இதுக்கு அழலாமா" என்று கேட்பார்கள் என்பதால் அவன் சொல்லமாட்டான்.

ஆனால் பாதிச் சண்டைகளுக்குப் பேச்சுவார்த்தையே வேண்டியதில்லை, முன்கூட்டி ஒரு முறை வைத்துவிட்டால் போதும். லிஃப்ட் பட்டன், காரில் ஜன்னல் ஓரம், முதல் தோசை, ரிமோட் இவற்றுக்கெல்லாம் தேதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படைத் தேதி ஒருவனுக்கு, இரட்டைப்படைத் தேதி மற்றவனுக்கு. காலண்டரை யாரும் அழுது மாற்ற முடியாது, அதுதான் இதன் பலம். இதில் ஓர் ஓட்டை உண்டு, முதலிலேயே அடைத்துவிடுங்கள். 31ஆம் தேதிக்கு அடுத்த நாள் 1ஆம் தேதி, இரண்டும் ஒற்றைப்படை. வருஷத்தில் ஏழு மாதங்களுக்கு 31 நாள் இருப்பதால் ஒற்றைப்படைக்காரனுக்கு 186 நாளும் இரட்டைப்படைக்காரனுக்கு 179 நாளும் வரும். இதைச் சின்னவன் கண்டுபிடிக்கிற நாளில் முறையின் மேலிருந்த நம்பிக்கை போய்விடும். 31ஆம் தேதியை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். தின்பண்டத்துக்கு, ஒருவன் வெட்ட வேண்டும், மற்றவன் முதலில் எடுக்க வேண்டும். போலந்துக் கணித மேதை ஹூகோ ஸ்டைன்ஹாஸ் 1940களில் இதை மூன்று பேருக்கும் அதற்கு மேலும் எப்படி விரிப்பது என்று ஆராய்ந்தார், நமக்கு இரண்டு பேர் முறையே போதும். வெட்டுகிறவன் மில்லிமீட்டர் சுத்தமாக வெட்டுவான். மாம்பழத்தில் மட்டும் கதுப்பு இரண்டு, கொட்டை ஒன்று. கொட்டைக்குத் தேதி முறை. எதற்கும் அடங்காத விஷயத்துக்கு, மூன்றாவது கையாக அம்மாவோ அப்பாவோ சேர்ந்துகொண்டால், சாட் பூட் த்ரீ இருக்கிறது. கமர்கட்டைச் சட்டைத் துணிக்குள் வைத்துக் காக்கா கடி கடித்துப் பங்கு போட்டது, டூ விட்டு மறுபடி பழம் விட்டது என்று பிள்ளைகள் பெரியவர்கள் துணையில்லாமல் தாங்களே உண்டாக்கி வைத்திருந்த முறைகள் எத்தனையோ. தெருவில் விளையாட ஆள் இருந்த காலத்தில் அவை தானாகக் கைமாறின. இரண்டே பேர் இருக்கிற ஃபிளாட்டில் நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பங்கிடவும் கூடாது. அவனவனுக்கென்று ஓர் அலமாரித் தட்டு, அதில் இருப்பதை மற்றவன் கேட்காமல் தொடக் கூடாது, கேட்டால் "இல்லை" என்று சொல்லவும் உரிமை உண்டு. இது சுயநலம் வளர்க்கும் என்று சொன்னவர்கள் தங்கள் ஃபோனை வீட்டுக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிட்டு உட்காருவதில்லை. தன்னுடையது என்று ஒன்று உறுதியாக இருந்தால்தான் அதைக் கொடுப்பதற்குப் பொருள் உண்டு. மூத்தவன் இரண்டு நாள் உட்கார்ந்து செய்த அட்டைக் கோட்டையைச் சின்னவன் அழுகிறான் என்பதற்காக விளையாடக் கொடுத்து உடைய விடுகிற வீடுகளில், அவன் அடுத்த கோட்டையை யாருக்கும் தெரியாத இடத்தில்தான் கட்டுவான்.

போட்டி வைப்பதையும் நிறுத்துங்கள். "யார் முதல்ல சாப்பிட்டு முடிக்கிறீங்க பார்ப்போம்" என்பது எல்லா அம்மாக்களின் வாயிலும் இருப்பது. பள்ளி வேன் வருகிற அவசரத்தில் அது வேலை செய்வதும் உண்மை. ஆனால் மூன்று வயது வித்தியாசத்தில் பந்தயம் வைத்தால் ஒருவன் எப்போதும் தோற்பான், அல்லது மூத்தவனைக் கண்ணால் ஜாடை காட்டித் தோற்கச் சொல்வோம். இரண்டாவது, நாம் பேசிக்கொண்டிருக்கிற அதே பழைய விதிதான். பழனிக்குப் போய்வருகிற நமக்கெல்லாம் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. நாரதர் கொண்டுவந்த கனி ஒன்று, பிள்ளைகள் இரண்டு, கனியை வெட்டக் கூடாது என்ற நிபந்தனை, உலகத்தை முதலில் சுற்றி வருகிறவருக்குப் பரிசு. விநாயகர் தாய் தந்தையைச் சுற்றி வந்து கனியைப் பெற்றார், மயிலேறி உலகத்தையே சுற்றி வந்த முருகன் கோபித்துக்கொண்டு மலையேறிவிட்டார். அந்தக் கதையின் ஞானப்பொருள் பெரியது, அதைப் பக்தியோடு ஏற்கிறேன். இரண்டு பையன்களின் தாயாக நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்று. அங்கே வெட்டக் கூடாத கனி என்பது நிபந்தனை. நம் வீட்டுக்கு வருகிற எந்தப் பொருளுக்கும் அப்படியொரு நிபந்தனை இல்லை. பெற்றவர்களின் பாராட்டை மட்டும் நாமே வெட்டக் கூடாத கனியாக்கி நடுவில் வைக்கிறோம். அவசரத்துக்குப் பந்தயம் வேண்டுமென்றால் இருவரையும் ஒரே கட்சியில் போட்டுக் கடிகாரத்தோடு ஓடவிடுங்கள்.

"அண்ணன் என்கிற மரியாதையே போய்விடாதா?" என்பது பெரியவர்களின் கடைசிக் கேள்வி. தன் பங்கைக்கூடக் காத்துக்கொள்ள முடியாத அண்ணனைத் தம்பி எப்படி மதிப்பான்? அண்ணனின் பங்கை அழுது வாங்கும்படி தம்பியைப் பழக்கிவிட்டு, அவன் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இன்னும் விசித்திரம். சைக்கிள் ஓட்டச் சொல்லித் தருகிறவன், வாய்ப்பாடு சொல்லித் தருகிறவன், பள்ளி வேனில் இடம் பிடித்து வைக்கிறவன் என்று மரியாதை வருவதற்கு அண்ணனுக்கு ஆயிரம் வழி இருக்கிறது, பிறந்த தேதியை நாம் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டாம்.

வீட்டுக்குள் இவ்வளவும் சரியாகிவிட்டாலும் பள்ளிக்கூடம் மிச்சமிருக்கிறது. அண்ணன் படித்த வகுப்புக்கே தம்பியும் வருகிறபோது "உங்க அண்ணன் எப்படி இருந்தான் தெரியுமா" என்று தொடங்குகிற ஆசிரியர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். அதைவிட மோசம், சின்னவன் வகுப்பில் சேட்டை செய்தால் மூத்தவனை அவன் வகுப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்புவது, "உன் தம்பி பண்ணியதைப் பார்" என்று நாலு பேர் முன்னால் நிற்க வைப்பது. பாடம் போகிறது, மானமும் போகிறது, செய்தவன் அவனில்லை. வீட்டில் நாம் கைவிட்ட அதே விதியைப் பள்ளி சீருடை போட்டு நடத்துகிறது. முதல் பெற்றோர் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள், எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. சின்னவனுடைய மார்க்கைப் பேசும்போது அண்ணனுடைய மார்க் வரக் கூடாது. மூத்தவன் தன் வகுப்பு நேரத்தில் தன் வகுப்பில் இருக்க வேண்டும். தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியதைத் தம்பியின் டைரியில் எழுதி, கையெழுத்துக்கு அம்மாவுக்கு அனுப்பட்டும்.